ஈரத்துண்டா, தண்ணீரும் ஃபேனுமா?

சேலத்துச் சித்திரை வெயிலில் எங்கள் லேப்ரடார் சமையலறைத் தரையில் வயிறு பட விழுந்துகிடப்பான். முன்பெல்லாம் ஈரத்துண்டை முதுகில் போர்த்திவிடுவேன். சுலபம்தான். ஆனால் பத்து நிமிடம் கழித்து அடியில் கைவிட்டால் இட்லித் துணி மாதிரி வெதவெதவென்று இருக்கும். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில் மட்டும். மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். போர்த்திய துணி அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கிறது.

இப்போது வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் தண்ணீர் ஊற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுகிறேன். ஈரம் காயக் காயச் சூடும் இறங்கும். நம்மூர் வறண்ட வெயிலுக்கு இதுதான் தோது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும் என்பதால் காலையிலேயே ஒரு வாளி பிடித்துவைக்க வேண்டும், அதுதான் தொல்லை. கரண்ட் போனால்? சரி, துண்டை நனைத்துக் கீழே விரித்துப் படுக்கவிடலாம், மேலே வேண்டாம்.

தள்ளாடினாலோ, உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.