ரூ.2,850 போச்சு: ‘சீல் பிரிக்காத இம்போர்ட் ப்ளூரே’ என்று விற்பவரிடம் ஜாக்கிரதை

சென்னையில் ப்ளூரே (டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்டும் டிஸ்க்) சேர்ப்பவர்கள் இதை இன்றே படித்துவிடுங்கள். பழைய பொருள்களை ஆட்கள் நேரடியாக விற்கும் ஒரு ஆப்பில், 2009-இல் வந்த ‘கேமர்’ படத்தின் அமெரிக்கப் பதிப்பு என்று போட்டு ரூ.2,850 வாங்கிக்கொண்ட ஒருவர், கணினியில் பர்ன் செய்த, அதாவது காப்பி எழுதிய, டிஸ்கை அனுப்பியிருக்கிறார். முந்தாநாள் நடந்தது இது. பணம் திரும்பி வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை.

நம்பவைத்தது போட்டோ அல்ல, பேச்சு. மரண தண்டனைக் கைதிகளின் மூளையை வசப்படுத்தி, நிஜத் தோட்டாவோடு விளையாட்டுக் களத்தில் இறக்குவது, வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் கைதியாக நடிக்கும் ஜெரார்ட் பட்லரை ஆட்டிவைப்பது, 30 சண்டை தாண்டினால் விடுதலை என்ற வாக்குறுதி என்று கதையை ரசித்து ரசித்துச் சொன்னார். இயக்குநர்கள் நெவல்டைன், டெய்லர் இருவரும் இதை ரெட் ஒன் டிஜிட்டல் கேமராவில் எடுத்தார்கள் என்பது வரை தெரிந்து வைத்திருந்தார். படத்தை இவ்வளவு நேசிக்கிறவர் டிஸ்கில் ஏமாற்றமாட்டார் என்று நினைத்ததுதான் தப்பு. “வடபழனி மெட்ரோ வாசலுக்கு வாங்க சார், கையில பார்த்துட்டே வாங்கிக்கங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையில் சந்தேகமே போய்விட்டது. சாயங்காலம் மழை என்றார், பைக்கில் ஆள் அனுப்புகிறேன் என்றார், ஆள் கிளம்பிவிட்டான் பணத்தைப் போட்டுவிடுங்கள் என்றார். ரூ.2,850 யூபிஐயில் போனது.

வந்த பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தளர்வாக, ஓரங்களில் சுருங்கிக் கருகியிருந்தது. ஹீட் கன் வைத்து ஒட்டினால் இப்படித்தான் இருக்கும். அமெரிக்கப் பதிப்புகள் பலவற்றில் பெட்டியின் மேல்விளிம்பில் படத்தின் பெயர் அச்சிட்ட ஒட்டு இருக்கும். இதில் இல்லை. பின்னட்டையில் உள்ள பொடி எழுத்துகளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பு கலங்கியிருக்கிறது, ஸ்கேன் செய்து எடுத்த பிரிண்ட்.

அடுத்து டிஸ்க். ஆலையில் அச்சான ப்ளூரேயின் அடிப்பக்கம் வெள்ளி போல, வெளிச்சத்தில் லேசான நீலம் தெரியும். பர்ன் செய்யும் டிஸ்க் பெரும்பாலும் கருமை கலந்த பழுப்பாகவோ பொன்னிறமாகவோ இருக்கும். அதோடு எழுதிய பகுதி எங்கே முடிந்ததோ அங்கே ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். இதில் உள்ளிருந்து கால்வாசி தூரத்திலேயே அந்த வட்டம். நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், கணினியில் போட்டுப் பாருங்கள். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் வகை ‘பிடி-ரோம்’ (ஆலையில் அச்சானது) என்று வரவேண்டும், ‘பிடி-ஆர்’ என்று வந்தால் அது பர்ன் செய்த டிஸ்க். (டிவிடியில் இந்தச் சோதனை போதாது. டிவிடி+ஆர் டிஸ்கை டிவிடி-ரோம் என்று காட்டும்படி மாற்றி எழுத முடியும்.) இன்னொன்று, கடைக்கு வரும் ஒரிஜினல் ப்ளூரேயில் ‘ஏஏசிஎஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும், அதுதான் பூட்டு. பூட்டை உடைத்து எடுத்த காப்பியில் பெரும்பாலும் ‘பிடிஎம்வி’, ‘சர்டிஃபிகேட்’ இரண்டு மட்டும் மிஞ்சும். இதிலும் அப்படித்தான்.

படத்தின் முக்கிய ஃபைல் 6.1 ஜிபி. 95 நிமிடம் என்பது 5,700 விநாடி, கணக்குப் போட்டால் ஒலியையும் சேர்த்தே விநாடிக்குச் சுமார் 8.5 மெகாபிட். ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை போகலாம். மெதுவாக நகரும் குடும்பப் படமென்றால் 8.5-இல் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம், இந்தப் படத்தில் முடியாது. கையில் பிடித்து ஆட்டிய கேமரா, நொடிக்கு நொடி வெட்டு, சண்டைக் களம் முழுக்கப் புழுதியும் சிதறும் கல்லும். முந்தைய ஃபிரேமும் அடுத்ததும் ஒத்துப்போகாதபோது சுருக்குவதற்கு அங்கே எதுவும் இருக்காது, புழுதி எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். படத்தின் உயிரே அந்தக் காட்சிகள்தான், அவைதான் பாழ். அட்டையில் போட்டிருக்கும் ஒலிவடிவமும் உள்ளே இல்லை, டிவிடி தரத்து 448 கிலோபிட் டால்பி டிஜிட்டல் மட்டும்தான். ரூ.2,850-க்கு இது.

கேட்டபோது முதல் பதில், “பிளேயர் ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க சார்.” பிடி-ஆர் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும், “சில பதிப்பு அப்படித்தான் வரும்.” ஆலையில் அச்சான எந்தப் பதிப்பும் அப்படி வராது! அடுத்து, “சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.” ஒரு நாள் கழித்து, “சீல் உடைச்சிட்டீங்களே, ரிட்டர்ன் எடுக்க முடியாது.” சீலை உடைக்காமல் டிஸ்கைச் சோதிக்க முடியாது, உடைத்தால் திருப்ப முடியாது. இந்தப் பொறியை வைத்துத்தான் விற்கிறார். அதற்கப்புறம் பிளாக். ஆப்பின் உதவிப் பிரிவோ, பணம் ஆப்புக்கு வெளியே போனதால் பொறுப்பில்லை என்கிறது. வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே என்று முடித்துவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிவாகியிருக்கிறது.

அவசரமாகச் சில விஷயங்கள். ‘இம்போர்ட், எல்லா பிளேயரிலும் ஓடும்’ என்றால் ரீஜனை, அதாவது டிஸ்க் எந்த நாட்டு பிளேயருக்கானது என்பதைக் கேளுங்கள். அமெரிக்கா ஏ, இந்தியா சி. ரீஜன் பூட்டில்லாத ஒரிஜினலும் உண்டு, ஆனால் விற்பவருக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். சீல் பிரிப்பதை ஆரம்பம் முதல் வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். நேரில் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் மாற்றினால் அங்கேயே விட்டுவிடுங்கள். முன்பணம் வேண்டவே வேண்டாம்.

இன்று காலை அதே படம், அதே ரூ.2,850, வேறு பெயரில் புதுக் கணக்கு. போட்டோவில் பெட்டிக்கு அடியில் விரித்திருப்பது அதே பச்சைக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு.