அக்கா மகனுக்கு யார் இனிஷியல்? தத்தெடுப்பதும் கோர்ட்டில் காப்பாளர் ஆவதும்

பாம்பனில் வலை, கயிறு, மிதவை விற்கிற சின்னக் கடை என்னுடையது. ஆறு வருடத்துக்கு முன் அக்கா மஞ்சள் காமாலையில் போனாள். மறு வருடம் மச்சான் கடலில் போனார். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. எட்டு வயது மருமகன் ஒரு புத்தகப் பையும் அப்பா வாங்கிக் கொடுத்த கிரிக்கெட் மட்டையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தான். எனக்கு ஒரே மகள், அவனைவிட இரண்டு வயது சின்னவள்.

"நீதான வளக்கப் போற, பேசாம தத்து எடுத்துரு" என்றார்கள் பாதிப் பேர். "தாய்மாமன் வளக்கிறதுக்கு எதுக்குப்பா காயிதம்" என்றார்கள் மீதிப் பேர். எங்கள் கரையில் இது எனக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை என்பதால் எழுதுகிறேன். வழி மூன்று: காகிதமே இல்லாமல் வளர்ப்பது, தத்தெடுப்பது, கோர்ட் மூலம் காப்பாளர் ஆவது. நான் எடுத்தது மூன்றாவது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காகிதம் இல்லாத வளர்ப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலம் காலமாக நடப்பதுதான். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் ஊர்க்காரராக இருக்கும்வரை ஓடும். பிள்ளை பேரில் வங்கியில் இருக்கும் பணத்தை எடுக்கவோ, ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவோ நேர்ந்தால் "நீங்க யாரு?" என்பார்கள். நான் மாட்டியது வங்கியில். மச்சான் இறந்ததற்கு வந்த தொகை பையன் பேரில் டெபாசிட் ஆகியிருந்தது. "கோர்ட் ஆர்டர் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பலர் முதலில் கேட்பது உதவித்தொகையைத்தான். அதற்காகத் தத்து எடுக்கவும் வேண்டாம், எடுக்காமல் இருக்கவும் வேண்டாம். தாய் தகப்பன் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகப் போகும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துக் கேட்கலாம். 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று ஒன்று சொல்வார்கள். அது உறவில்லாத குடும்பத்துக்கு. மாமன், சித்தப்பன் கதை அதில் வராது.

இனி தத்து. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் மகன் இருக்கும் வீட்டார் இன்னொரு மகனையும், மகள் இருக்கும் வீட்டார் இன்னொரு மகளையும் தத்தெடுக்க முடியாது. எனக்கு மகள் மட்டும் என்பதால் அந்தத் தடை இல்லை. ஆனால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை தாய் தகப்பனுக்குத்தான். இருவரும் இல்லையென்றால் காப்பாளர் ஒருவர் கோர்ட் அனுமதி வாங்கிக் கொடுக்க வேண்டும். எப்படியும் கோர்ட்டுப் படி ஏறத்தான் வேண்டும். இரண்டாவது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் மாமன், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி ஆகியோர் 'உறவினர் தத்து' என்று, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிந்து எடுக்கலாம். 2022 செப்டம்பரிலிருந்து ஆணை போடுவது கோர்ட் இல்லை, கலெக்டர். பாதை இது சுலபம், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதன் சம்மதம் வேண்டும். நான் திரும்பி வந்தது அந்த இடத்தில்தான்.

ஜூன் மாதம் ஒரு சாயங்காலம் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தோம். தரையெல்லாம் பழுப்புத் தாள். லேபிள் ஒட்டி ஒவ்வொன்றிலும் அவன் முதலில் 'செ.' என்று எழுதினான். மச்சான் பெயரின் முதல் எழுத்து. பெயரைவிட இனிஷியல் பெரிதாக இருந்தது. புள்ளியைப் பேனாவால் சுற்றிச் சுற்றிக் கருப்பாக்கினான், தாள் கிழிகிற அளவுக்கு. பத்து நோட்டிலும் அப்படியே. பக்கத்தில் என் மகள் 'கா.' போட்டு முடித்துவிட்டு எழுந்தே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தத்து பற்றி ராமநாதபுரத்தில் விசாரிக்கப் போனபோது ஆபீசில் இருந்த அம்மா அவனிடமே கேட்டார்: "தம்பி, சட்டப்படி மாமாதான் இனி அப்பா. உனக்குச் சரியா?" அவன் என்னைப் பார்த்தான். "மாமா, அப்ப 'செ.' போயிருமா?" அந்த அம்மா மழுப்பாமல், "ஆமாப்பா, மாறும்" என்றார். "அப்ப வேணாம். மாமா மாமாவாவே இருக்கட்டும்."

அவன் பிடிவாதம் அது என்று விட்டுவிடலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் காகிதக் கணக்கும் அவன் பக்கம்தான் நின்றது. தத்து ஆணை வந்தால் புதுப் பிறப்புச் சான்றிதழ் வரும், தகப்பன் பெயர் இடத்தில் என் பெயர் ஏறும். கைக்குழந்தை என்றால் மாற்றவேண்டியது அது ஒன்றுதான். எட்டு வயதுப் பையனுக்குப் பள்ளிப் பதிவேடு, பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் கணினிப் பதிவு, ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாமே ஏற்கெனவே 'செ.' என்று இருக்கும். ஒன்றை மாற்றப் போனால் மற்றொன்றைக் காட்டு என்பார்கள். நடுவில் ஒன்று மாறாமல் தங்கிவிட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் சமயத்தில் 'இந்த ரெண்டு பேரும் ஒருத்தனா?' என்று நிற்க வேண்டும். என் கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஆதாரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த நாலு நாள் சம்பளம் விட்டான். இது ஒரு எழுத்து இல்லை, அப்பனையே மாற்றுகிற வேலை. காப்பாளர் ஆணையில் இவற்றில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை. தகப்பன் கட்டத்தில் மச்சான் பெயர் இருக்கும், கையெழுத்துக் கட்டத்தில் என் பெயர் வரும்.

வேறொரு சங்கடமும் உண்டு, வெளியாருக்குப் புரியாது. அக்கா மகன் எனக்கு மருமகன், என் மகள் அவனுக்கு முறைப்பெண். தத்தெடுத்தால் ஒரே நாளில் அண்ணன் தங்கச்சி. நான் அந்தக் கல்யாணத்தை நினைக்கிறவன் இல்லை, பிள்ளைகள் படிக்கட்டும். ஆனாலும் எங்கள் ஆத்தா, "முறையை மாத்துறதுக்கு கலெக்டர் யாரு?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

காப்பாளர் வழி 1890-ஆம் ஆண்டுச் சட்டம். எல்லா மதத்தாருக்கும் பொது. பிள்ளை வசிக்கும் மாவட்டத்துக் கோர்ட்டில் மனு. நான் ஒரு மடத்தனம் செய்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கடையில் ஈ ஓட்டுகிற நேரம், அலைய வசதி என்று ஏப்ரல் கடைசியில் மனுப் போட்டேன். மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை என்பது யோசனையில் இல்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போய் வியாபாரம் சூடு பிடித்த பிறகுதான் முதல் வாய்தாவே வந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் ஏறினேன். பையனின் சித்தப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் நோட்டீஸ் போனது. இருவரும் ஆட்சேபணை இல்லை என்றார்கள். நீதிபதி அவனைத் தனியாகவும் கேட்டார். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. என்ன சொன்னான் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. வக்கீல் பீஸ் சேர்த்து எனக்கு ஆன செலவு 14,000 ரூபாய்.

சொத்தில் கோர்ட் கடிவாளம் போடும். பிள்ளையின் மனை, வீடு எதையும் கோர்ட் அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். இதைத் தொல்லை என்பார்கள். எனக்கு இது கவசமாக இருந்தது. "சொத்துக்குத்தான் பையனை வச்சிருக்கான்" என்ற பேச்சு ஆணை வந்தபின் அடங்கிவிட்டது. தத்திலும், ஏற்கெனவே பையனுக்கு வந்துசேர்ந்த சொத்து அவனுடையதுதான். ஆனால் அவன் அப்பத்தா பேரில் தங்கச்சிமடத்தில் ஒரு மனை இருக்கிறது. உயில் இல்லாமல் அப்பத்தா காலமானால், இறந்த மகனின் பிள்ளை என்ற முறையில் இவனுக்குப் பங்கு உண்டு. தத்துப் போனால் அந்த உறவு சட்டத்தில் அறுந்துவிடும்.

என் வழியில் ஓட்டையும் இருக்கிறது. எனக்கு அவன் வாரிசு இல்லை. நாளை நான் கண்ணை மூடினால் கடை மகளுக்கும் மனைவிக்கும் ஆத்தாவுக்கும்தான், உயில் எழுதினால் ஒழிய. இன்னும் எழுதவில்லை, தப்புத்தான். 18 வயதோடு காப்பாளர் பொறுப்பும் முடிந்துவிடும். கோர்ட் காப்பாளர் இருந்தால் 21 என்று பெரியவர்கள் சொல்வது 1999-க்கு முந்தைய கணக்கு. தத்துப் பிள்ளைக்கு இந்தக் கவலைகள் கிடையாது.

அதனால் வந்த பிள்ளை பால்குடி மறக்காத குழந்தையாக இருந்திருந்தால் நான் தத்துப் பக்கம் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது எட்டு வயதில் வந்த ஒரு பையன் மட்டும். பெண் பிள்ளையோ, கைக்குழந்தையோ என்றால் அதை வளர்த்தவர்களிடம் கேளுங்கள்.

எங்கள் கரைக்கே உரிய இன்னொரு நிலைமை, கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை என்பது. ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தத்துக்குத் தகப்பனின் சம்மதமோ இறப்புச் சான்றோ இல்லாமல் முட்டி நிற்கும். அதுவரை பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமென்றால் காப்பாளர் மனுதான்.

இந்து அல்லாதவர்களுக்கு 1956 சட்டம் பொருந்தாது. எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கயிறு வாங்க வரும் கீழக்கரைப் பாய் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "எங்க மார்க்கத்துல வளத்த பிள்ளைக்கும் பெத்த வாப்பா பேரைத்தான் சொல்லணும் மாப்ள. ஒங்க மருமகன் சரியாத்தான் சொல்லிருக்கான்" என்றார்.

ஆணை வந்ததும் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள். நான் ஒன்றுதான் வாங்கினேன். வங்கிக்காரர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்காக மறுபடியும் மனுப் போட்டு நிற்கிறேன்.