85 வசனங்கள், 3 நாட்கள்: கோத்தகிரியில் ஒரு வேத வாசிப்பு முகாம்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய தியான இல்லத்தில், கடந்த செப்டம்பர் மாதம் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடைபெற்ற வேதாகம வாசிப்பு முகாமில் கலந்துகொண்டேன். தங்குமிடம், உணவு, கட்டணம் ஆகியவற்றைப் பின்னால் சொல்கிறேன். எந்த மனநிலையோடு அங்கே போனேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதே மனநிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த முகாம் மிகவும் பயன்படும்.

புராட்டஸ்டண்டினர் வாசிக்கும் வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள் உள்ளன. வார நாட்களில் தினம் மூன்று அதிகாரமும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து அதிகாரமும் வாசித்தால் ஓராண்டில் முடித்துவிடலாம் என்ற கணக்கைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் கையில் கிடைக்கும் வாசிப்பு அட்டவணையைப் பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பேன். முதல் இரண்டு புத்தகங்களான ஆதியாகமமும் யாத்திராகமமும் தடையின்றிப் போகும். லேவியராகமத்தில் கால் தடுக்கும். எண்ணாகமத்துக்குள் நுழைவதற்குள் பத்துப் பன்னிரண்டு நாள் பாக்கி விழுந்திருக்கும். ஓர் ஆண்டு சனிக்கிழமை இரவொன்றில், வாசிக்காமல் விட்டிருந்த ஏழு கட்டங்களிலும் ஒரே மூச்சில் டிக் அடித்தேன். ஏழும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் இருந்தன. மறுநாள் காலை பீரோவைத் திறந்தபோது அவற்றைப் பார்க்க முடியாமல் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு சில மாதங்கள் வேதாகமத்தைத் தொடவே இல்லை. தொட்டால் பாக்கிதான் நினைவுக்கு வரும். கர்த்தரை விட்டு விலகியதால் வாசிப்பை விட்டேன் என்று சொல்ல மாட்டேன். கடன்காரரைக் கண்டு வேறு தெருவில் திரும்பி நடப்பதைப் போல விலகி நடந்தேன்.

முகாமின் அழைப்பிதழில் ரூத்தின் புத்தகம் மட்டுமே வாசிக்கப்படும் என்றிருந்தது. நான்கு அதிகாரங்கள், 85 வசனங்கள். நிதானமாக வாசித்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதற்கு மூன்று நாட்களா என்ற சந்தேகத்தோடுதான் பெயர் கொடுத்தேன்.

நாங்கள் பதினான்கு பேர். நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எல்லோரும் அவரை டீச்சரம்மா என்றே அழைத்தோம். அறிமுகத்தின்போது யார் எத்தனை முறை வேதாகமத்தை முடித்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, வருகைப் பதிவேடும் வைக்கவில்லை. முதல் நாள் காலை நான்கு அதிகாரங்களையும் மாற்றி மாற்றி உரத்த குரலில் வாசித்தோம், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அன்று பிற்பகலில் முதல் அதிகாரத்துக்குத் திரும்பினோம். சங்கீதம் 1:2இல் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் என்று வரும் இடத்தில் உள்ள எபிரெய வினைச்சொல், வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும் சொல் என்று டீச்சரம்மா விளக்கினார். அதே சொல்தான் ஏசாயா 38:14இல் புறாவின் முனகலுக்கும், 31:4இல் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் வருகிறது. தியானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்வது என்றே இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்த எனக்கு, ஒரு வரியை உதட்டில் வைத்து உருட்டிக்கொண்டே பாத்திரம் கழுவலாம் என்பது பெரிய விடுதலையாக இருந்தது.

முகாமின் முறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றல்ல. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபைத் துறவியான இரண்டாம் கீகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியான ஆழ்நோக்கு என்று நான்கு படிகளைச் சொல்லி, வாசிப்பை உணவை வாயில் இடுவதற்கும் தியானத்தை மெல்லுவதற்கும் ஒப்பிட்டார். வந்திருந்தவர்களில் ஐந்து பேர் கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு இது பழக்கமான வழி. எங்களைப் போன்ற தென்னிந்தியத் திருச்சபையினருக்கு மெல்லும் பழக்கம் குறைவு, விழுங்கித்தான் பழகியிருக்கிறோம். அவர்கள் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பையும் நாங்கள் பழைய மொழிபெயர்ப்பையும் வைத்திருந்ததால், ஒரே வசனம் இரண்டு தமிழில் காதில் விழுந்தது. இதை இடைஞ்சல் என்று சிலர் சொன்னார்கள். என் கணக்கில் அது முகாமின் சிறந்த அம்சங்களில் ஒன்று. சொல் மாறும் இடத்தில் எல்லோரும் தானாகவே நின்று யோசித்தோம்.

இரண்டாம் நாளில் நடந்ததை நான் மறக்கப் போவதில்லை. எங்களோடு வந்திருந்தவர்களில் ஒரு அக்கா அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இலை பறிப்பவர். 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து, நீலகிரியில் அரசு உருவாக்கிய தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் அவருடையது. கணவனையும் மகன்களையும் இழந்து, மருமகள் ரூத்தோடு மோவாபிலிருந்து சொந்த ஊரான பெத்லகேமுக்குத் திரும்பும் நகோமி, நிறைவுள்ளவளாய்ப் போனேன், வெறுமையாய்த் திரும்பி வந்தேன் என்று சொல்லும் இடம் வந்தபோது, கப்பலிலிருந்து இறங்கிய நாளைப் பற்றி அவருடைய அம்மா கடைசி வரை இதே போன்ற வார்த்தைகளில்தான் பேசினார் என்று அவர் சொன்னார். அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அடுத்து இரண்டாம் அதிகாரம். அறுவடைக்காரர் பின்னால் கதிர் பொறுக்கும் ரூத்துக்காகக் கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடும்படி வயலின் சொந்தக்காரர் போவாஸ் வேலைக்காரர்களிடம் சொல்கிறார். கூடவே, "அவளை அதட்டாதிருங்கள்" என்றும் கட்டளையிடுகிறார். அந்த அக்கா தன் விரலை அந்த வரியின் மேல் வைத்தபடி, "மேஸ்திரி அதட்டாத நாளில்தான் எனக்கு இலை கூடுதலாக வரும், டீச்சரம்மா, அதட்டினால் கை நடுங்கும், முற்றின இலையும் சேர்ந்து கூடையில் விழும்" என்றார். இலைச்சாறு படிந்து கறுத்த அந்த ஆள்காட்டி விரலும், அதன் கீழே இருந்த அந்த இரண்டு சொற்களும் இன்னமும் என் கண்ணில் நிற்கின்றன. நானும் பல ஆண்டுகளாக முற்றிய இலையைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன். என்னை அதட்டிக்கொண்டிருந்தவர் வயலின் எஜமான் இல்லை. அட்டவணையை மேஸ்திரியாக்கியவள் நான்.

அன்று மாலை இன்னொன்றும் தெரிய வந்தது. ஏழைகளுக்கும் அந்நியருக்கும் வயலின் ஓரத்தை விட்டுவைக்க வேண்டும் என்ற சட்டம் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மோவாப் தேசத்துப் பெண்ணான ரூத் உயிர் பிழைத்தது அந்தச் சட்டத்தால்தான். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் வாரத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிய அதிகாரம் அது. அதில் ரூத்தின் சாப்பாடு இருந்ததை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அறைக்குத் திரும்பியதும் யாரும் சொல்லாமலே லேவியராகமத்தைத் திறந்து, விளக்கை அணைக்கும் நேரம் தாண்டியும் வாசித்தேன். அன்றைக்கு எத்தனை அதிகாரம் வாசித்தேன் என்று நான் எண்ணவில்லை.

அட்டவணைகளின் மேல் முகாம் பழி போடவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842இல் தம் சபையாருக்காகத் தயாரித்த ஓராண்டு வாசிப்புத் திட்டத்தைப் பற்றி டீச்சரம்மா பேசினார். ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரண்டு முறையும் முடிக்கும் திட்டம் அது. இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதைக் கொடுத்த அதே கையால் அதன் ஆபத்துகளையும் மெக்செயின் எழுதிவைத்தார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டேன் என்ற சுயநீதி வரலாம், கவனமின்றி வாசிக்க நேரலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகலாம். திட்டம் நம் கைக்கு வந்து சேர்ந்தது. எச்சரிக்கையை யாரும் அச்சிட்டுத் தரவில்லை. இந்த ஒரு செய்திக்காகவே எங்கள் சபையிலும் இப்படியொரு முகாம் நடத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறைகளும் உண்டு. மூன்றாம் நாள் காலை அருகிலிருந்த ஆலயத்துக்கு நடந்து போய் ஆராதனையில் கலந்துகொண்டு திரும்பியபின் நடந்த கலந்துரையாடல் நீண்டுகொண்டே போனது. நான்காம் அதிகாரத்தின் வம்ச வரலாற்றில், தாவீது வரை வரும் பெயர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரம் அதில் கரைந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பிய பின் தனியாக எப்படித் தொடர்வது என்பதற்கு வழிகாட்டுதல் போதவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் மலையில் கிடைத்த அமைதி வீட்டில் கிடைக்காது. அதைப் பற்றி அரை மணி நேரமாவது பேசியிருக்க வேண்டும். விரிவான விளக்கவுரையையோ இறையியல் வகுப்பையோ எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இல்லம் எளிமையானது. ஓர் அறைக்கு இரண்டு பேர், தடித்த கம்பளி தருகிறார்கள். விறகு பாய்லரில் சுடும் வெந்நீர் காலை ஏழு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. சாலையிலிருந்து இல்லத்துக்குச் செங்குத்தான படிகள் இருப்பதால் மூட்டு வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கீழ் அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. வாசிப்பு அறையில் வெளிச்சம் போதாது. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒரே குழல் விளக்கில் பொடி எழுத்து வேதாகமத்தை வாசிப்பது கண்ணுக்குச் சிரமம். உணவில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்: காலையில் இட்லியும் மல்லிச் சட்னியும், மதியம் அவரைக் குழம்பு, மாலையில் சூடான தேநீரும் வர்க்கியும். எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2,400 ரூபாய் வாங்கினார்கள். இயலாதவர்களுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள், அதையும் மற்றவர்கள் அறியாமல் செய்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வரும் பேருந்துகள் கோத்தகிரி வரை அடிக்கடி உள்ளன. அங்கிருந்து கோடநாடு பேருந்தில் ஏறலாம். திரும்பும் வழியில் வளைவுகளில் தலை சுற்றும் என்பதால் வேதாகமத்தைத் திறக்கவில்லை. போவாஸ் கொடுத்த வறுத்த கோதுமையைத் திருப்தியாகச் சாப்பிட்டு, மீந்ததை ரூத் மாமியாருக்கென்று எடுத்துப் போன வசனத்தை மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டில் மாமியாரிடம் அந்தக் கதையைச் சொன்னபோது, இரண்டாம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துக் காட்டச் சொன்னார். அடுத்த முகாமில் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தை வாசிக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்து, கீழ் அறை வேண்டும் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.