டைட்டில் கேஸா, சென்டென்ஸ் கேஸா: ரெஃபரன்ஸ் தலைப்ப எப்படி சேத்து வெக்கறது?

தீசிஸ் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி கடைசி நாலு நாள் எனக்கு எதுல போச்சு தெரியுமா, ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து சரி பண்றதுல. 240 ரெஃபரன்ஸ். நம்ம எழுத்துல பெரிசு சிறுசே கிடையாதா, அதனால இங்கிலீஷ்ல இது இவ்ளோ நுணுக்கம்னு அதுவரைக்கும் எனக்கு உறைக்கவே இல்ல.

டைட்டில் கேஸ்னா முக்கியமான வார்த்தை எல்லாத்துக்கும் முதல் எழுத்து கேப்பிடல், சென்டென்ஸ் கேஸ்னா முதல் வார்த்தைக்கும் பேருக்கும் மட்டும். பாக்க எது நல்லாருக்குங்கற பேச்சே வேண்டாம், ஜர்னல் கேக்கறத குடுத்துதான் ஆகணும். ஏபிஏங்கற ரெஃபரன்ஸ் ஸ்டைலோட ஏழாவது எடிஷன்ல பேப்பரோட சொந்த தலைப்பு டைட்டில் கேஸ், ஆனா அதே தலைப்பு ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுக்குள்ள போனா சென்டென்ஸ் கேஸ், பக்கத்துல ஜர்னல் பேரு மறுபடி டைட்டில் கேஸ். எம்எல்ஏங்கற இன்னொரு ஸ்டைல்ல லிஸ்ட்லயும் டைட்டில் கேஸ்தான்.

நம்ம கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணு, ஸோட்டெரோ மாதிரி ரெஃபரன்ஸ் சேத்து வெக்கற சாஃப்ட்வேர்ல தலைப்ப எந்த மாதிரி சேத்து வெக்கறோம்ங்கறது. நான் சென்டென்ஸ் கேஸ் பக்கம். ஸோட்டெரோவும் அதத்தான் சொல்லுது.

காரணம் பராமரிப்புதான். ஒரு ஜர்னல்ல ரிஜெக்ட் ஆகி இன்னொண்ணுக்கு அனுப்பறோம், ஸ்டைல் மாறுது. சென்டென்ஸ் கேஸ்ல இருந்து டைட்டில் கேஸுக்கு போறது மெஷினுக்கு சுலபம், முதல் எழுத்த பெருசாக்கினா போதும். திரும்பி வரணும்னா எந்த வார்த்தை பேரு, எது சாதா வார்த்தைன்னு தெரியணுமே, அது அந்த தலைப்புல எங்கயும் எழுதி இல்ல. நான் டைட்டில் கேஸ்ல வெச்சிருந்தத மொத்தமா மாத்தினப்ப தலைப்பு நடுவுல வந்த ராமன் ஸ்பெக்ட்ராஸ்கோப்பிக்கு ஆர் சின்னதாயிடுச்சு. 1928ல சி.வி.ராமன் கண்டுபிடிச்ச விளைவு, ஆளோட பேரு, கண்டிப்பா கேப்பிடல் வேணும். எங்க கைடு அதை சிவப்பு பேனால வட்டம் போட்டு குடுத்தாங்க, மூணு பக்கத்துல ஏழு வட்டம். சரி, ஆள் பேருன்னா கேப்பிடல்னு ரூல் போட்டுடலாமான்னா அதுவும் நடக்காது, நியூட்டன் பாஸ்கல் எல்லாம் ஆள் பேருதான், ஆனா அலகா முழுசா எழுதறப்ப சின்ன எழுத்துல ஆரம்பிக்கணும், குறியீட்டுக்கு மட்டும்தான் கேப்பிடல்.

இதவிட மோசம் சில பழைய பேப்பருங்க, தலைப்பு மொத்தமும் கேப்பிடல்ல இம்போர்ட் ஆகும். அதுல மில்லிவாட் குறியீடும் மெகாவாட் குறியீடும் ஒரே மாதிரி தெரியும். சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா, நடுவுல 100 கோடி மடங்கு வித்தியாசம். பிடிஎஃப திறந்து உள்ள படிச்சாத்தான் எதுன்னு தெரியும், வேற வழியில்ல.

சென்டென்ஸ் கேஸ்லயும் குறை இருக்கு. ஈ கோலைங்கற பாக்டீரியா பேர்ல முன்னாடி வர்ற ஜீனஸ் (பேரினம்) பேருக்கு கேப்பிடல், பின்னாடி வர்ற கோலை எப்பவுமே சின்ன எழுத்து, டைட்டில் கேஸ் தலைப்புக்குள்ளயும் அப்படித்தான், ஆனா மெஷின் டைட்டில் கேஸ் ஆக்கறப்ப அதையும் சேத்து பெருசாக்கிடும். ஸோட்டெரோல அந்த வார்த்தைய சுத்தி நோகேஸ்னு ஒரு டேக் போட்டா தொடாது, ஆனா ஒவ்வொண்ணா போடணும்.

லேடெக்ஸ்ங்கற சாஃப்ட்வேர்ல பேப்பர் எழுதி, ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுக்கு அதோட பிப்டெக்ஸ் யூஸ் பண்றவங்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. பிப்டெக்ஸ் ஸ்டைலுங்க தலைப்ப சின்னதாக்கும், பெருசாக்காது, அதனால அங்க டைட்டில் கேஸ்ல வெச்சு பேருக்கெல்லாம் கர்லி பிராக்கெட் போடறதுதான் பழைய வழக்கம், அதுலயும் நியாயம் இருக்கு. நான் அதுல ஒரே ஒரு பேப்பர்தான் எழுதியிருக்கேன், அதனால அடிச்சு சொல்ல மாட்டேன்.

இப்ப புதுசா எது சேத்தாலும் அப்பவே தலைப்ப ஒரு தடவ படிச்சு சென்டென்ஸ் கேஸ் ஆக்கி, ஆள் பேரு, உயிரினத்து பேரு, அலகு மூணையும் பாத்துட்டுதான் மூடறேன், ஒண்ணுக்கு அரை நிமிஷம் ஆகும். பப்மெட்ங்கற மருத்துவ ஆய்வுக் கட்டுரை டேட்டாபேஸ்ல இருந்து எடுத்தா பெரும்பாலும் சென்டென்ஸ் கேஸ்லயே வரும், அந்த அரை நிமிஷமும் மிச்சம்.