ரூபி ஆன் ரெயில்ஸ் ரூட்டிங்: பன்மைக்கு வாய்த்த கவனிப்பு ஒருமைக்கு வாய்க்கவில்லை

வலைச்செயலிகளை உருவாக்க உதவும் கட்டமைப்பான ரூபி ஆன் ரெயில்ஸில், எந்த முகவரி எந்தச் செயலுக்குப் போகும் என்று குறிக்கும் ரூட்ஸ் கோப்பில் ‘ரிசோர்சஸ்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பன்மைப் பெயரைக் கொடுத்தால், பட்டியல், புதிய பதிவுக்கான படிவம், சேமிப்பு, தனிப்பதிவைக் காட்டுதல், திருத்தும் படிவம், புதுப்பித்தல், நீக்கம் என ஏழு செயல்களுக்கும் வழிகள் ஒரே வரியில் அமைந்துவிடுகின்றன. இதில் நான் குறை சொல்ல ஏதுமில்லை.

பலரும் தொடாமலே விட்டுவிடுவது ஒருமை வடிவமான ‘ரிசோர்ஸ்’. உள்நுழைந்த பயனருக்கு ஒரே ஒரு ப்ரொஃபைல்தான் உண்டு என்னும்போது முகவரியில் ஐடி எண் எதற்கு? ஒருமை வடிவம் அந்த எண்ணையும் பட்டியலுக்கான வழியையும் விட்டுவிட்டு ஆறு வழிகளை மட்டும் தருகிறது. யாருடைய ப்ரொஃபைல் என்பதை, உள்நுழைந்தவரை நினைவில் வைத்திருக்கும் செஷனிலிருந்து, கோரிக்கையைக் கையாளும் நிரல்பகுதியான கன்ட்ரோலர் அறிந்துகொள்வதால், எண்ணை மாற்றிப் பிறருடைய பக்கத்தை எட்டிப்பார்க்கும் ஆசைக்கும் அங்கே இடமில்லை.

ஆனால் வழி ஒருமையில் இருந்தாலும், அது தேடிச் செல்லும் கன்ட்ரோலரின் பெயர் பன்மையிலேயே இருக்க வேண்டும். ஒரே கன்ட்ரோலரை இரு வகை வழிகளுக்கும் பயன்படுத்தலாம் என்பது இதற்கு ஆவணத்தில் சொல்லப்படும் காரணம். அது நியாயமானதே என்றாலும், புதிதாகக் கற்பவர் இங்கே ஒருமுறையாவது தடுக்கி விழுகிறார்.

நான் பொறுத்துக்கொள்ள முடியாதது படிவத்தில் வரும் சிக்கல். படிவத்தை அமைத்துத் தரும் ‘ஃபார்ம் வித்’ என்ற ஹெல்பரிடம் (துணை நிரலிடம்) மாடலை, அதாவது தரவுப் பதிவைக் குறிக்கும் பொருளைக் கொடுத்தால், அது பன்மை வழி இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. புதிய பதிவென்றால், பன்மை முகவரியைத் தரும் இல்லாத ஹெல்பரைத் தேடிப் பிழை காட்டும்; ஏற்கெனவே சேமித்த பதிவென்றால் ஐடியைக் கோப்பு வடிவத்தின் பெயர் என்று கொண்டு, முகவரியின் கடைசியில் ஒரு புள்ளியும் எண்ணுமாக ஒட்டிவிடும். பிழைச்செய்தியே இல்லாத அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க நான் ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிட்டிருக்கிறேன். 2017இல் வெளிவந்த ரெயில்ஸ் 5.1 பதிப்பு, ஒரு மாடலுக்கு ஒருமை வழியையே பயன்படுத்தச் சொல்லி ரூட்ஸ் கோப்பில் எழுதும் ‘ரிசால்வ்’ என்ற தீர்வைத் தந்தது. ஆயினும் அந்த வரியை ஒவ்வொரு ஒருமை வழிக்கும் நாமே எழுத வேண்டியிருக்கிறது. ஒருமை என்று ஏற்கெனவே சொன்னதை மறுபடியும் ஏன் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் மாடல் பெயராக வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெயில்ஸ் அறிந்த பன்மை ஆங்கிலப் பன்மை மட்டுமே. கவிதை என்ற மாடலுக்கு அது ‘கவிதைஸ்’ என்று அட்டவணை அமைத்துவிடும் என்பதால், ஒருமை-பன்மை விதிகளுக்கான ‘இன்ஃப்ளெக்‌ஷன்ஸ்’ கோப்பில் உரிய விதியை எழுதிய பிறகே மாடலை உருவாக்குங்கள்.