கலைந்ததா, கலங்கியதா, குலைந்ததா?

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் மெட்ரோ வேலை நடக்கிறது. ராத்திரி இயந்திரம் உறுமினால், காலையில் தெருவே “ஒரே டிஸ்டர்பன்ஸ்” என்னும். என் மாமியார் மட்டும் ஒருநாள் “ரெண்டு மணிக்குத் தூக்கம் கலைஞ்சுது” என்பார். இன்னொரு நாள் “தூக்கமே கெட்டுப்போச்சு” என்பார். முதல் நாள் திரும்பத் தூங்கியிருக்கிறார், இரண்டாம் நாள் தூங்கவே இல்லை. வினைச்சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

ஒரே மாதிரித் தெரியும் இந்த வினைகளைப் பிரித்தறிய நான் எதிர்ச்சொல்லைத் தேடுவேன். கலைந்தது மறுபடி கூடும். கலங்கியது தெளியும். குலைந்ததை எடுத்துக் கட்ட வேண்டும்.

கூட்டம் கலைந்தால் ஆட்கள் முழுசாக வீடு போய்ச் சேர்கிறார்கள். சேர்ந்திருந்த நிலைதான் போகிறது. 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை தமிழக அரசு நீக்கப்பட்டதை ‘ஆட்சிக் கலைப்பு’ என்கிறோம். பொருத்தமான சொல். கோட்டை அங்கேயே இருந்தது, தேர்தல் நடந்தது, சட்டமன்றம் மீண்டும் கூடியது. கருக்கலைப்பு மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கலங்கு’. மழைக்கு மறுநாள் கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக வரும். வாளியில் பிடித்து வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். கண்ணும் மனசும் கலங்குவது அப்படித்தான்; தெளியும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பரீட்சைக்கு முன்னால் வயிற்றைக் கலக்கும், நன்றாக எழுதிவிட்டால் “கலக்கிட்டடா!” என்று நண்பன் முதுகில் தட்டுவான். முழுதும் வேகாத முட்டைக்கும் கலக்கி என்றே பெயர். ஆனால் மெரினாவில் நிற்கும் கலங்கரை விளக்கத்துக்கும் கலக்கத்துக்கும் உறவில்லை. கலத்தை, அதாவது கப்பலை, கரைந்து அழைக்கும் விளக்கு அது.

‘குலை’ கனமான சொல். அளந்துதான் எடுக்க வேண்டும். அண்ணா சாலையில் அரைமணி நேர நெரிசலைப் ‘போக்குவரத்து சீர்குலைவு’ என்று எழுதுவது மிகை, ‘பாதிப்பு’ போதும். சீர்குலைவு என்றால் 2015 டிசம்பர் வெள்ளம்: அடையாறு கரை தாண்டி வீடுகளுக்குள் புகுந்தது, விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது.