கல்லும் எஃகும் கரிமருந்தும்: பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம்

குழல்வாய் வழியே கரிமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி என்னிடம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சிக்கிமுக்கிக்கல் வகை, குழலின் உள்விட்டம் அரை அங்குலம். பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. இலக்குப் பலகையைத் தவிர வேறெதையும் நான் சுட்டதில்லை.

முதல் ஆண்டு முழுவதும் கல்லைத்தான் குறை சொன்னேன். கல்லைப் பிடித்திருக்கும் குதிரை என்ற சுத்தி விழும், 'டக்' என்ற ஓசை கேட்கும், பொறி மட்டும் வராது. கல்லை மாற்றிக்கொண்டே இருந்தேன். பொறி கல்லிலிருந்து பிறப்பதில்லை, கல்லின் கூர்முனை எஃகுத் தகட்டைச் சுரண்டும்போது உதிரும் எஃகுத் துகள்களே எரிகின்றன என்பது பிறகுதான் புரிந்தது. என் துப்பாக்கியின் தகடு சரியாகக் கடினப்படுத்தப்படாத மெத்தென்ற இரும்பு. துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் அதைப் பழுக்கக் காய்ச்சிக் கடினமாக்கித் தந்தார். மறுநாளே பற்றவைக்கும் மருந்து இடும் கிண்ணத்தில் மஞ்சள் பொறிகள் கொத்தாக விழுந்தன. அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

கரிமருந்து எரிந்ததும் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் மிஞ்சுகிறது. அந்தக் கசடு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒருநாள் களைப்பில் துடைக்காமல் படுத்துவிட்டேன். காலையில் குழலுக்குள் விட்ட வெள்ளைத் துணி செங்காவி நிறத்தில் வெளியே வந்தது. அன்று விழுந்த அரிப்புப் புள்ளிகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. எண்ணெய் மட்டும் போதாது, கசடில் உள்ள உப்பைக் கரைக்க நீர்தான் வேண்டும். வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் பூசுகிறேன். இதற்கு அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இந்தத் துப்பாக்கியை வாங்கவே வேண்டாம்.

இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் நம்புவது கெட்டிக்கும் கோலைத்தான். அதில் இரண்டு கோடுகள் கீறியிருக்கிறேன். ஒன்று வெறுங்குழலின் ஆழம், மற்றொன்று வழக்கமான அளவு மருந்தும் குண்டும் இறங்கியபின் உள்ள ஆழம். இரண்டாவது கோடு குழல்வாய்க்கு நேராக வரவில்லையென்றால் குண்டு மருந்தின்மேல் உட்காரவில்லை என்று பொருள். அந்த நிலையில் சுட்டால் குழலே வெடிக்கலாம். குழலுக்குள் இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைப் போடுவதும் அதே ஆபத்துதான். அதை எந்த அளவிலும் போடக்கூடாது.

சேகரிப்புக்காகப் கல்லுக்குப் பதில் சிறு வெடிமூடியால் (கேப்பு) பற்றும் பழைய கேப்புத் துப்பாக்கி ஒன்றை வாங்கியபோதும் இந்தக் கோல்தான் காப்பாற்றியது. வெளியே குழலோடு ஒட்டி வைத்து அளந்தேன், பின்பு உள்ளே விட்டேன். குழலின் அடியில் தீ நுழையும் துளையான பற்றுவாய்க்கு நான்கு விரற்கடை முன்பே கோல் நின்றுவிட்டது. யாரோ எப்போதோ கெட்டித்துவிட்டுச் சுடாமல் வைத்த மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே இருந்தன! விற்றவருக்கே அது தெரியாது. அந்தக் கொல்லரிடமே கொண்டுபோய்ப் பத்திரமாக எடுக்கச் செய்தேன்.

அந்தத் துப்பாக்கியை நான் சுடுவதில்லை. அதன் குழல் என்ன தாங்கும் என்பது எனக்குத் தெரியாது. எண்ணெய் தடவி, கோலை உள்ளே விட்டு இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறேன்.